அமெரிக்காவுல பனி, வியாசர்பாடியில தண்ணி

கேள்வி: நியூஜெர்சியில இருக்குற எங்க அண்ணன் பையன், கார் முழுசா பனியில மூடிப்போச்சு அத்தைன்னு போட்டோ அனுப்புறான். இங்க டிசம்பர் வந்தாலே நாங்க ஃப்ரிட்ஜை செங்கல் மேல ஏத்துறோம். பூமி சூடாகுதுன்னா பனியும் மழையும் குறையத்தானே சார் செய்யணும்?
- ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: எங்க வீட்டு ஃப்ரிட்ஜும் 2015ல இருந்து ஹாலோ பிளாக் மேலதான்க்கா நிக்குது, ஃப்ரீசர்ல கை வைக்கணும்னா எங்கம்மாவுக்கு முக்காலி வேணும்.

விஷயம் இதுதான், காத்து 1 டிகிரி சூடானா அதால சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தை தாங்க முடியும், பூமி ஏற்கனவே 1 டிகிரிக்கு மேல சூடாகியாச்சு, கடலும் சூடா இருக்கு, ஆவிக்கு பஞ்சமே இல்ல. நியூஜெர்சியில மைனஸ் 5 இருந்த இடத்துல மைனஸ் 3 ஆனாலும் அது பனிதானே? ஆனா அட்லாண்டிக்ல இருந்து வர்ற ஈரம் ஜாஸ்தி, அதனால கொட்டும்போது மொத்தமா கொட்டும். இன்னும் சூடேற ஏற பனி விழுற நாள் குறையும், நிறைய இடத்துல அதுவே மழையாயிடும், உங்க அண்ணன் பையன் குடை வாங்கிக்கட்டும்.

நம்ம பக்கம் வாங்க. இட்லி குண்டான் மூடியை தூக்குனா அடியில சொட்டு சொட்டா நிக்குதுல்ல, ஆவி தண்ணியா மாறும்போது சூட்டை விடும், அந்த சூடுதான் புயலுக்கு தீனி. அதுக்காக புயல் எண்ணிக்கை ஏறும்னு விஞ்ஞானிங்க சொல்லல, ஏறாமலும் போகலாம், ஆனா வர்றதுல பலமானது அதிகமாகும், மழையும் கூடும்ங்கிறாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் சென்னையில கரையே ஏறல, கடல்லயே ஊர்ந்து ஊர்ந்து போய் 5ஆம் தேதி ஆந்திராவுல பாபட்லா கிட்ட ஏறுச்சு, அதுக்குள்ள நம்மள ஒரு வழி பண்ணிடுச்சு, எண்ணூர்ல வெள்ளத்தோட கலந்து வந்த எண்ணெயால வீட்டு சுவத்துல கறை வேற. புயல் மெதுவா போனா அதான் ஆபத்து.

ஆனா எல்லாத்தையும் பூமி சூட்டு மேலயே போட்டுட்டு கால்வாயை தூர்வாராம விடுறதை நான் ஒத்துக்க மாட்டேன். உங்க ஏரியா தண்ணி கேப்டன் காட்டன் கால்வாய் வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு போய் எண்ணூர்ல கடல்ல சேரணும், கடல் ஏத்தமா இருந்தா அது போகவே போகாது, கடல் மட்டமும் வருஷா வருஷம் ஏறிட்டுதான் இருக்கு. அதனால ரெட் அலர்ட்னு சொன்னா மழை எத்தனை சென்டிமீட்டர்னு மட்டும் பாக்காதீங்க, காசிமேட்டுல தெரிஞ்ச மீனவங்க கிட்ட கடல் ஏத்தம் எத்தனை மணிக்குன்னு கேட்டு வைங்க. செங்கல்லும் இன்னும் ஒரு வரிசை ஏத்திடுங்க.