இரண்டாவது கார்டு போட்டும் ஒரு மணி நேரம்தான் மிச்சமா?

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்குச் சில்லுகளைப் படமெடுத்து, கீறல் விரிசல் பார்த்துச் சொல்லும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். 40,000 படங்களை வைத்து, படத்தில் இருப்பதை அடையாளம் காணும் ரெஸ்நெட்-50 என்ற நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்க, அந்தக் கணக்குகளைப் போடும் ஜிபியு கார்டு ஒன்றில் 9 மணி நேரம் ஆனது. இரண்டாவது கார்டு வாங்கி, பைட்டார்ச் என்ற பயிற்சி மென்பொருளில், படங்களைக் கார்டுகளுக்குப் பங்கிடும் 'டேட்டாபேரலல்' என்ற வரியைச் சேர்த்தேன். இப்போது 8 மணி நேரம். 'வேலையைத் தானாகவே பிரித்துக் கொடுக்கும் மென்பொருள், பாதி நேரம் உறுதி' என்று ஒருவர் ஆண்டுக்கு 18,000 வெள்ளி கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

கார்டு இரண்டானால் கார்டு செய்யும் வேலைதான் பாதியாகும். மற்றது அப்படியே நிற்கும். உங்களுக்குக் குறைந்த ஒரு மணி நேரம், கார்டு வேலையின் பாதி. அப்படியானால் ஒற்றைக் கார்டில் ஓட்டியபோது அது உழைத்ததே சுமார் 2 மணி நேரம். மீதி 7 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. தோராயக் கணக்குதான், கார்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரமும் இதற்குள் ஒளிந்திருக்கும். ஆனாலும் வேலையை எவ்வளவு சாமர்த்தியமாகப் பிரித்தாலும் அந்த 2 மணி நேரத்தில்தான் கைவைக்க முடியும். 7-க்குக் கீழே இறங்க வழியில்லாத இடத்தில் அவர் நாலரை மணி நேரம் 'உறுதி' என்கிறார்!

ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் நின்றிருப்பீர்கள். குழம்பு ஊற்ற இரண்டு பேர் இருந்தும் சோறு அள்ளிப் போட ஒருவர்தான் என்றால் வரிசை நகராது. உங்கள் கணினியில் சோறு போடுவது, படக் கோப்பைத் திறந்து, விரித்து, சுருக்கிக் கொடுக்கும் வேலை. பைட்டார்ச்சில் படங்களை ஏற்றித் தரும் டேட்டாலோடரில் உதவியாள் எண்ணிக்கையை (num_workers) நீங்கள் எழுதாவிட்டால் அது பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். படம் படிப்பதும் கார்டை ஓட்டுவதும் ஒரே ஆள் தலையில் விழும். முதலில் அங்கே 4 என்று போட்டுப் பாருங்கள். நெட்வொர்க்குக்குப் போகும் அளவுக்குப் படங்களை ஒரே தடவை சுருக்கி எஸ்எஸ்டியில் வைத்துவிடுங்கள். டேட்டாபேரலலை எடுத்துவிட்டு 'டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேரலல்' போடுங்கள். ஒரே கணினியானாலும் பைட்டார்ச் பரிந்துரைப்பது இதைத்தான்; கார்டுக்கு ஒரு தனி ஆள் கிடைப்பார். எல்லாம் இலவசம்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. வட்டிலிருந்து எதையும் படிக்காமல், ஒரே கட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். நேரம் சட்டென்று விழுந்தால் குற்றவாளி கார்டு இல்லை.

சரி, தானாகப் பிரிக்கும் மென்பொருள் என்பதே ஏமாற்றா என்றால், இல்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃபிளெக்ஸ்ஃப்ளோ என்று ஒன்றை வெளியிட்டார்கள். நெட்வொர்க்கின் ஒவ்வொரு அடுக்கையும் எந்தக் கார்டில், எப்படி வெட்டி வைப்பது என்று அதுவே தேடும். ஒவ்வொரு யோசனையையும் நிஜமாக ஓட்டிப் பார்த்தால் விடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் ஆகும் நேரத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, மீதியைப் பாவனையாக ஓட்டி மதிப்பிடும். முந்தைய வழிகளைவிட 3.8 மடங்கு வரை வேகம் கிடைத்ததாகச் சொன்னார்கள். விற்பனைக்காரர்களுக்குப் பிடித்த எண் இது! அந்தச் சோதனைகள் 16 கார்டு, 64 கார்டு கொண்ட கணினிக் கூட்டங்களில் நடந்தவை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதே ஆய்வில் உங்கள் நெட்வொர்க்கின் அண்ணன் ரெஸ்நெட்-101-க்கு அது தேடிக் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? கிட்டத்தட்ட பழைய டேட்டா பேரலல் முறையையேதான். கடைசி அடுக்கை மட்டும் வேறு விதமாக வெட்டியது.

அந்தக் கடைசி அடுக்கில்தான் நிஜமான விதிவிலக்கு இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ரெஸ்நெட்-50-ன் கடைசி அடுக்குக்கு ஒரு படத்திலிருந்து 2,048 எண்கள் வந்து சேரும். நீங்கள் தேடும் குறை வகை பத்து என்றால் அந்த அடுக்கில் பயிற்சியின்போது திருத்த வேண்டியவை 2,048 பெருக்கல் பத்து, அதாவது 20,480 எண்கள், தூசு. ஆனால் ஒரு லட்சம் முகங்களை அடையாளம் காணும் வேலையாக இருந்தால் அதே அடுக்கு சுமார் 205 மில்லியன் எண்களாக வீங்கும். மற்ற எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 23 மில்லியன்தான். டேட்டா பேரலலில் இவ்வளவுக்குமான திருத்தங்கள் ஒவ்வொரு அடியிலும் கார்டுக்குக் கார்டு போய்வர வேண்டும், 800 மெகாபைட்டுக்கு மேல். அப்போது ஐம்பதாயிரம் முகங்கள் ஒரு கார்டிலும் மீதி மற்றதிலும் என்று அடுக்கையே பிளந்துவிட்டால், படத்துக்கு 2,048 எண்களையும் சில்லறைக் கூட்டல்களையும் அனுப்பினால் போதும். உங்கள் குறை வகைகள் ஆயிரக்கணக்கில் போகும் நாள் வந்தால் இதை யோசிக்கலாம். வராது.

ஃபிளெக்ஸ்ஃப்ளோவும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்தான். இலவசத்துக்கு உறை மாட்டி, பேர் வைத்து, ஆண்டுச் சந்தா போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கார்டுகளின் நினைவகத்தைக் கூட்டி '12 ஜிபியும் 12 ஜிபியும் 24 ஜிபி' என்று சொல்லி விற்பதும் இவர்கள்தான். டேட்டா பேரலலில் இரண்டு கார்டிலும் நெட்வொர்க்கின் முழு நகல் இருக்கும். நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அப்போதும் இருப்பது 12 ஜிபிதான். 'என் கணினியில், என் படங்களோடு ஓட்டிக் காட்டுங்கள், அப்புறம் பணம்' என்று கேட்டுப் பாருங்கள். போன் எடுப்பதை நிறுத்திவிடுவார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நான் நிரப்பிய மானிய விண்ணப்பங்களில் எல்லாம் 'உபகரணம்', 'மென்பொருள்' என்று கட்டம் உண்டு. இரண்டு நாள் உட்கார்ந்து நேரம் எங்கே போகிறது என்று அளப்பவருக்குக் கட்டமே கிடையாது. மூன்று விலைப்பட்டியல் கேட்பார்கள், ஒரு அளவீடு கேட்க மாட்டார்கள். கார்டு வாங்கப் பணம் வரும், கார்டுக்கு வேலை கொடுக்க வராது.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டாவது கார்டு சோம்பினால் கேஸைத் திறந்து, அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டைப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட் பார்க்க முழு நீளமாக இருக்கும். உள்ளே தரவு போய்வர 16 பாதைக்குப் பதில் 4 பாதைதான் இணைத்திருப்பார்கள். மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.