முன்சக்கரம் தூக்குகிறதா?

கேள்வி: டிராக்டரின் பின்னால் கனமான ஸ்லாஷரை (புல், புதர் வெட்டும் கருவி) மாட்டித் தூக்கினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிக்க மறுக்கிறது. முன்னால் எவ்வளவு எடை கட்டலாம்?

பதில்: கருவியைத் தூக்கிய நிலையிலும் மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் அச்சில் இருக்க வேண்டும். 2,000 கிலோ டிராக்டரில் முன் அச்சுக்கு 800 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோ ஸ்லாஷரின் எடைமையம் பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், முன்னால் 360 கிலோ குறையும் (600 × 1.2 ÷ 2). மீதி 440. தேவையோ 520 (டிராக்டரும் ஸ்லாஷரும் சேர்ந்த 2,600 கிலோவில் 20 சதவீதம்). முன் அச்சுக்கு 0.8 மீட்டர் முன்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் அங்கே 1.4 கிலோவாக அழுத்தும் என்பதால், 20 கிலோ வெயிட் நான்கு போதும். மேடுபள்ளமான நிலத்தில் இன்னும் இரண்டு சேர்ப்பதே நல்லது. அச்சு, டயர் தாங்கும் வரம்பைக் கையேட்டில் பாருங்கள்.

பின்சக்கரத்தில் தண்ணீர் நிரப்புவது இதற்குத் தீர்வல்ல. அது பின் அச்சுக்குத்தான் எடை கூட்டும். ஆனால் ஈர்ப்பு மையம் தாழ்வதால் பக்கவாட்டில் கவிழும் ஆபத்து குறையும். டயரில் 75 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.

சரிவில்தான் உயிராபத்து. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டுங்கள், செக் செயினை (கருவி பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் சங்கிலி) இறுக்குங்கள், ஸ்லாஷரைத் தரையை ஒட்டியே வையுங்கள். பக்கவாட்டில் நீளும் கருவி என்றால் அது மேட்டுப் பக்கம் இருக்கட்டும். தூக்கியபடி வேகமாகத் திரும்பவே கூடாது. டிராக்டரில் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் இருந்தால் சீட் பெல்ட் அவசியம்.