பேட்டரியா, ஆல்டர்னேட்டரா? அளந்து பார்த்துவிட்டு மாற்றுங்கள்

காரை இரண்டு நாள் எடுக்காவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போய்விட்டதா?

இருக்கலாம். ஆனால் அளக்காமல் மாற்றாதீர்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி) வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலியாகும் நிலை. ஓட்டி வந்தவுடன் அளந்தால் இதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

சார்ஜரில் முழுக்க ஏற்றிய பிறகு, செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைக் கவனியுங்கள். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் 10.5-ஐத் தாண்டாவிட்டால் ஒரு செல் செத்திருக்கும். மாறாக, 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டெர்மினல், எர்த் கேபிள், சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை விடும் சுவிட்ச்), செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள்.

புது பேட்டரி போட்டும் அதே கதை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுக்கிறதே?

அப்படியானால் சார்ஜ் ஆவது சரிதான், வண்டி நிற்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால், அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கி, மூடியது போல ஆக்குங்கள்.

இனிப் பொறுமைதான் முக்கியம். வண்டியின் கணினிகள் உறங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன் 1 ஆம்பியர் காட்டுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. அடங்கிய பிறகு 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. 500 என்றால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இரண்டே நாளில் காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் அளவு விழுகிறது என்று பாருங்கள். டிக்கி விளக்கு, வண்டி வாங்கிய பின் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் கருவி ஆகியவைதான் அடிக்கடி மாட்டும். எந்த ஃபியூஸிலும் விழவில்லையா? ஆல்டர்னேட்டரின் டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறதா என்று பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். மறுபடி அளக்கும்போது கரண்ட் விழுந்தால் குற்றவாளி அதுவே.

ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.2. ஏன்?

நடுவில் எங்கோ மின்தடை இருக்கிறது. ஹெட்லைட்டும் ஃபேனும் ஓட, எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் வைத்து, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் இடையே அளக்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்தப் பக்கம் கோளாறு. எஞ்சின் பிளாக்குக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1-க்கு மேல் வந்தால் எர்த் பக்கம் கோளாறு. முனையில் வெளுத்த பூச்சு இருந்தால் வெதுவெதுப்பான நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். பல வண்டிகளில் இத்தோடு வேலை முடியும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கலாம் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். பேட்டரி விலகியவுடன் வோல்டேஜ் சட்டென்று பாய்ந்து, கணினியையும் ரெகுலேட்டரையும் (ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுட்டுவிடலாம்.

பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது, ரேடியோவில் 'ஙொய்' என்ற சத்தம்.

டயோடுதான் முதல் சந்தேகம். எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரை ஏசி வோல்ட்டில் (மாறுதிசை மின்சாரத்தை அளக்கும் நிலை) வைத்துப் பேட்டரியில் அளந்து பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் டயோடு போயிருக்கிறது. விளக்கோடு கீச்சொலியும் வந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பளபளவென்று தேய்ந்த பெல்ட் வழுக்கும். சாவி போட்டும் அந்த விளக்கு எரியவே இல்லையென்றாலும் கவனம் தேவை: பல பழைய வண்டிகளில் அந்த பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்கக் கரண்ட் போகும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 15.3 வோல்ட் காட்டுகிறது, பேட்டரித் தண்ணீர் வேகமாகக் குறைகிறது.

ரெகுலேட்டர் கோளாறு. நீண்ட தூரம் ஓட்டாமல் மாற்றுங்கள். பேட்டரி கொதித்து, ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அருகே நெருப்பு கூடாது. குறைந்த தண்ணீரை டிஸ்டில்டு வாட்டரால் மட்டும், தகடுகள் மூழ்கும் அளவுக்கு நிரப்புங்கள். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினியே வோல்டேஜை 12.5-க்கும் 15-க்கும் நடுவில் ஏற்றி இறக்கும் என்பதால், ஹெட்லைட் போட்டுச் சில நிமிடம் கவனித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.