கரண்ட் வைத்தால் இன்னொரு புற்று வருமா? – கேள்வி பதில்

புதுச்சேரியில் கதிர்வீச்சு மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். மார்பகப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பண்ருட்டி: மனைவிக்குக் கரண்ட் முடிந்து 2 வருடம். இப்போது நுரையீரலில் கட்டி. கரண்ட்தானே காரணம்?

இவ்வளவு சீக்கிரம் வராது சார். கதிரால் வரும் நுரையீரல் புற்றுக்கு ஐந்து, பத்து வருடம், அதற்கு மேலும் ஆகும். பழைய புற்று பரவியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பயாப்ஸி, அதாவது கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது, இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, பழைய மார்புக் கட்டியின் பயாப்ஸி ஸ்லைடையும் கொண்டு போங்கள்.

முத்தியால்பேட்டை: கரண்ட் வைத்து 6 வருடம். அந்த மார்பில் ஊதாத் திட்டு. வலி இல்லை.

வலி இல்லாததுதான் தொல்லை. அடிபட்ட ரத்தக்கட்டு என்று எண்ணெய் தடவிக்கொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். கரண்ட் வைத்த இடத்தில் பின்னாளில் வரக்கூடிய ஆஞ்சியோசார்கோமா என்று ஒரு புற்று உண்டு, ரத்தக்குழாயின் உள்சுவரில் பிறப்பது. கரண்ட் வைத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு என்கிற அளவில்தான் வரும். உங்களுக்கு அதுவாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள், அதில் பிடிபடாமல் போகும். தோலில் பயாப்ஸி கேளுங்கள்.

கடலூர் முதுநகர்: ஆக, புற்று வரும் என்று தெரிந்தே வைக்கிறீர்கள்!

தெரிந்தேதான். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த 10,801 பெண்களின் கணக்கு 2011இல் வந்தது. கரண்ட் இல்லாமல் பத்து வருடத்தில் 35 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, வைத்தவர்களில் 19 சதவீதம். இந்த லாபமா, கரண்ட்டால் எப்போதாவது வரும் புற்றா, எது பெரியது, நீங்களே சொல்லுங்கள்.

வில்லியனூர்: கரண்ட் வைத்த அம்மா பக்கத்தில் பேத்தி படுக்கலாமா?

படுக்கலாம். வெளியிலிருந்து வைக்கிற கரண்ட், மெஷின் நின்றதும் உடம்பில் மிச்சம் இல்லை.

நெய்வேலி: கரண்ட் வைத்தால் வேறு புற்று வருமா?

மேலே படியுங்கள்.

அரியாங்குப்பம்: மார்பகப் புற்றுக்கான தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் அக்காவுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு. கரண்ட்டாலா?

கரண்ட்டை விடுங்கள், அந்த மாத்திரை கர்ப்பப்பையைப் பாதிக்கலாம். மகளிர் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கடலூர் முதுநகர்: நுரையீரலைப் பற்றி மழுப்புகிறீர்களே?

மழுப்பவில்லை. 2017இல் வந்த கணக்கு: கரண்ட்டால் பின்னாளில் நுரையீரல் புற்றில் சாகும் வாய்ப்பு, புகைப்பதை விடாதவர்களுக்குச் சுமார் 4 சதவீதம், புகைக்காதவர்களுக்கு 0.3. சண்டை போட வேண்டியது பீடியோடு.

கடலூர் முதுநகர்: எங்கள் வீட்டுப் பெண்கள் பீடி தொடுவதில்லை. நான்தான் பிடிக்கிறேன்.

அப்புறம் என்ன, நீங்கள் விடுங்கள்.

முத்தியால்பேட்டை: அடுத்த மாதம் செக்கப் இருக்கிறது. அதுவரை பொறுக்கலாமா?

வேண்டாம்மா. நாளைக் காலையே போங்கள்.