ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: நானும் நண்பரும் கோவையில் மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். எங்களிடம் 62 சதவீதப் பங்கு; வென்ச்சர் கேபிடல் முதலீட்டாளர்களிடம் 28. ஐந்து பேர் கொண்ட போர்டில் நாங்கள் இருவர், அவர்கள் ஆட்கள் இருவர், சுயேச்சையாக ஒருவர். விற்பனை சரிந்ததைக் காட்டி, ‘எம்.டி. பதவியை நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், கௌரவமாக இருக்கும்’ என்கிறார்கள். பெரும்பான்மை எங்களிடம்தானே, அவர்களால் என்ன செய்ய முடியும்?
- வாசகர், கோவை.

பதில்: கடிதத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

எம்.டி. பதவி, டைரக்டர் பதவி, பங்கு இவை மூன்றும் வேறு வேறு. ஆர்ட்டிகிள்ஸ், அதாவது கம்பெனியின் உள்விதிகள், வேறு மாதிரி சொல்லாதவரை, எம்.டி.யை மாற்ற போர்டில் மூன்று ஓட்டு போதும். அந்த ஐந்தாவது நபர் யார் பேச்சைக் கேட்பார்? டைரக்டர் பதவியிலிருந்து நீக்க வேண்டுமானால் கம்பெனிச் சட்டம் 169-வது பிரிவின்படி பொதுக்குழுவில் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும்; உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். நண்பர் உங்களோடு நிற்கும்வரை அது நடக்காது. ஆனால் அந்த 62-ஐயும் ரொம்ப நம்பாதீர்கள். அவர்கள் வைத்திருப்பது பிற்பாடு சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளும் மாற்றத்தக்க முன்னுரிமைப் பங்குகளாக இருந்தால், அடுத்த சுற்று முதலீட்டில் கம்பெனி மதிப்பு இறங்கும்போது மாற்று விகிதம் அவர்களுக்குச் சாதகமாகத் திரும்பும்படி ஷரத்து இருக்கலாம். அப்போது உங்கள் 62 ஏட்டுச் சுரைக்காய்தான்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். பங்குதாரர் ஒப்பந்தத்தில் ‘குட் லீவர், பேட் லீவர்’ என்றொரு பகுதி இருக்கும்; எப்படி விலகினால் உங்கள் பங்குக்கு என்ன விலை என்று சொல்வது அது. பல ஒப்பந்தங்களில், குறிப்பிட்ட காலத்துக்குள் தானாக விலகுகிறவர் பேட் லீவர். அவர் பங்கை 10 ரூபாய் முகமதிப்புக்கே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தக்க காரணமில்லாமல் அவர்களாக நீக்கினால் நீங்கள் குட் லீவர், சந்தை மதிப்பு கிடைக்கும். கௌரவம் என்ற பேச்சு எதற்கென்று புரிகிறதா? இன்னொன்று: வங்கி ஓவர்டிராஃப்ட் கடனுக்கு சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டிருப்பீர்களே, பதவி போனாலும் அது போகாது. அதை விடுவித்துத் தருவதும் பேரத்தில் இருக்கட்டும்.

கோர்ட்டுக்குப் போகத் துடிக்காதீர்கள். ஆன்லைன் கல்வி நிறுவனமான பைஜூஸ் கதையைப் பாருங்கள். 2024 பிப்ரவரி 23-ல் முதலீட்டாளர்கள் கூடி நிறுவனரை நீக்க ஓட்டுப் போட்டார்கள். செல்லாது என்றார் அவர். கர்நாடக உயர் நீதிமன்றம் ஒருபுறம், பெங்களூரு கம்பெனித் தீர்ப்பாயம் மறுபுறம். இவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஜூலையில் கிரிக்கெட் வாரியம் தனக்கு வரவேண்டிய 158 கோடி ரூபாய்க்காகத் தொடுத்த திவால் மனு அதே தீர்ப்பாயத்தில் ஏற்கப்பட்டது. நிர்வாகம் தீர்ப்பாயம் நியமித்த மூன்றாம் மனிதர் கைக்குப் போனது.

ஆகவே, ‘போர்டில் வையுங்கள், பேசுவோம்’ என்று ஒரு வரி மெயில் போடுங்கள். போர்டு கூட்டத்துக்கு சாதாரணமாக ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும். அதற்குள் ஒப்பந்தத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். நிதி திரட்டித் தந்த அதே வக்கீல் வேண்டாம்.

கேள்வி: பாதிப் பங்கை இப்போதே மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால்?
- அதே வாசகர்.

பதில்: ஐயா, முதலீட்டாளர் சம்மதமில்லாமல் நிறுவனர் பங்கைக் கைமாற்றக் கூடாதென்று உங்கள் ஆர்ட்டிகிள்ஸிலேயே அநேகமாக இருக்கும். அப்படியிருந்தால் மாற்றம் பதிவாகாது. ஒப்பந்த மீறல் மட்டும் பதிவாகும். உங்களை நீக்க அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் ‘தக்க காரணத்தை’ நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.