கரிச் சட்டி தந்த கெட்ட பெயர்

கேள்வி: அயோக்கியனைத் திட்ட ஆங்கிலத்தில் 'பிளாக்கார்டு' என்றொரு சொல் இருக்கிறதே, அதை எப்படி உச்சரிப்பது? கறுப்புத் தோலைக் கேவலப்படுத்தப் பிறந்த சொல்லா? எங்கள் தாத்தா மாந்தோப்பு ஆட்களை இப்படித்தான் திட்டுவார்.
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எழுத்தில் கறுப்பு என்னும் 'பிளாக்' (black), காவல் என்னும் 'கார்டு' (guard) இரண்டும் முழுசாக இருக்கும். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும். வாயில் வரும்போது மட்டும் நடுவிலுள்ள வல்லின 'க்' கரைந்துவிடும். 'தங்கம்' என்பதில் வருகிறதே, அந்த மெலிந்த ககரம் ஒன்றுதான் மிஞ்சும். 'கப்போர்டு' என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் 'கபட்' என்கிறார்களே, அதே கதை. பொன்னும் குடமும் சேர்ந்தால் நாம் பொற்குடம் என்று எழுத்தையும் மாற்றிக்கொள்கிறோம். அங்கே ஒலி மாறியும் எழுத்து பழையபடியே நிற்கிறது.

தோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கறுப்பு என்றது கரியை. 1530-களில் இங்கிலாந்தின் பெரிய வீட்டுச் சமையல்கட்டுகளில் அண்டா, சட்டி தேய்த்த எடுபிடி ஆட்களுக்கு 'கறுப்புக் காவல்படை' என்று பட்டம் கட்டினார்கள். அப்புறம் அது தெருவில் செருப்புக்கு மை போட்ட பையன்கள்மேல் போய் ஒட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் அயோக்கியன் என்றே பொருளாகிவிட்டது. அந்தப் பையன்கள் யார் குடியைக் கெடுத்தார்கள்? கை கறுத்திருந்தது, அவ்வளவுதான்.

நாம் மட்டும் என்ன? "படிக்கலேன்னா பத்துப் பாத்திரம் தேய்க்கத்தான் போவே" என்று பிள்ளைகளை மிரட்டாத வீடு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எத்தனை இருக்கும்? களி கிண்டிய சட்டியை ஒரு நாள் தேய்த்துப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தாத்தாவின் சொல்லைப் புத்தகத்தில் கண்டால் சரியாகப் படியுங்கள். தோப்பு ஆட்களிடம் அதைச் சொல்லாதீர்கள்.

ஊத்தங்கரையில் ஒரு கல்யாணம். மண்டபத்துப் பின்கட்டில் ஓர் அம்மா, பாதி உடம்பு அண்டாவுக்குள் இருக்க, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை கரி. நகக்கண்ணில் கோடு கோடாக அப்பியிருந்தது. "இது எப்பம்மா போகும்?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் முகூர்த்தம் இருக்குதுங்களே, எங்க போவுது?" என்றார்.