அகழாய்வில் ஊர்க்காரர்களுக்கு என்ன வேலை?

"அகழாய்வு நிபுணர்களின் வேலை. உள்ளூர் மக்களைச் சேர்த்தால் மண் அள்ளும் கூலியைத் தவிர அவர்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் திருப்புவனம் பக்கம். கீழடி விஷயத்தில் முதல் தடயத்தைப் பார்த்ததே ஊர்க்காரர்கள்தான். 1970களில் கிணறு வெட்டும்போது கிடைத்த பழம்பொருள்களைச் சேர்த்து வைத்து, தொல்லியல் துறைக்குச் சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர். இந்தியத் தொல்லியல் துறை அங்கே குழி போட்டது 2015இல். சும்மா இல்லை, நாற்பது வருடம்!

என் சித்தப்பா ஒரு பருவம் குழியில் வேலை பார்த்தார். காலமெல்லாம் வயலில் நின்றவர். எந்த மண் வெள்ளத்தில் வந்து படிந்தது, எது மனிதன் கொட்டியது என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். மண்ணின் நிறம் மாறினால் மண்வெட்டியை நிறுத்திவிடுவார். "தள்ளி நில்லுடா, இங்கே ஏதோ இருக்கு" என்று அவர் சொன்ன இடத்தில் பானையின் கழுத்து வெளிவந்ததை நானே பார்த்தேன். அந்தப் பருவத்துக்குக் கூலியும் வந்தது. ஆனால் இன்றுவரை அவர் பேசுவது அந்தப் பானையைப் பற்றித்தான்.

இதைவிட ஒரு படி மேலே போன இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஓசெட் என்ற ஊர், மக்கா பழங்குடியினருடையது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் மண்சரிவில் புதைந்துபோன வீடுகள், 1970இல் ஒரு புயலுக்குப் பிறகு கரை அரித்து வெளியே தெரிந்தன. மண்சரிவைப் பற்றிப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை பொய்யில்லை என்று ஆனது. கிடைத்ததையெல்லாம் சிலர் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியதும், தொல்லியலாளரை அழைத்தது பழங்குடி மன்றமே. பதினொரு ஆண்டு தோண்டினார்கள். ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். மக்கா இளைஞர்கள் குழியில் நின்றார்கள். இது எதற்குப் பயன்பட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பொருள்கள் மக்கா மக்களிடமே தங்கின. 1979இல், தாங்கள் வாழும் நியா பே ஊரிலேயே சொந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அங்கே உள்ள சேமிப்பறைதான். பொருள்களை மக்கா மொழிச் சொற்கள் காட்டும் வகைப்பாட்டின்படி அடுக்கியிருக்கிறார்கள். எதன் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்பதை அவர்களுடைய மொழி முடிவு செய்கிறது.

கீழடியிலும் பொருள்கள் மைசூருக்குப் போவதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2023 மார்ச்சில் அங்கேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது. சரி, பொருளுக்கு ஊரிலேயே ஓர் இடம் கிடைத்துவிட்டது. இனி அதைப் பற்றிய பேச்சிலும் ஊர் இருக்க வேண்டும். குழி போட்ட தோப்புகளின் சொந்தக்காரர்களும் குழியில் வேலை பார்த்தவர்களும் மண்ணுக்கும் மேட்டுக்கும் வைத்திருக்கும் பெயர்களை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து, சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணற்றின் பக்கத்தில் ஒலிக்க வைக்கலாம். என் சித்தப்பாவுக்கு எழுபது வயதாகிறது. இந்த ஆண்டே தொடங்கினால் நல்லது.